வில்லிவாக்கத்துத் தொட்டி: இறால் செத்தது எதனால், குஞ்சுகள் போனது எங்கே?

மீன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், பதினாலு அங்குல உயரம். கணக்குப்படி 66 லிட்டர் வரும். சரளை, கட்டை, கல் எல்லாம் போக அதில் நிற்கும் தண்ணீர் சுமார் 55 லிட்டர். சென்னை வில்லிவாக்கத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில், நண்பர் வீட்டு ஹாலில், இரும்பு ஸ்டாண்டில் இருக்கிறது. பின்வரிசையில் வாலிஸ்நேரியா, நடுவில் கிரிப்டோகோரைன் வெண்டியை, கட்டையில் கட்டிய அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கிடையாது. ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர், பின்கண்ணாடியில் தொங்கும் மோட்டார் ஃபில்டர் ஒன்று. ஓராண்டுக்கும் மேலாக ஓடும் தொட்டி. செடிகள் எல்லாம் வேர் பிடித்து, பார்க்கவே நன்றாக இருக்கும்.

உள்ளே எம்பர் டெட்ரா பத்து, பிக்மி கோரிடோரஸ் ஆறு, தேன் கௌராமி ஒரு ஜோடி. இவற்றோடு, வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில் வாங்கிய சிவப்பு செர்ரி இறால் இருபத்தைந்து. கொளத்தூர் கடைத்தெருவில் கேட்டால் இந்த மூன்று மீன்களையும் பற்றி ஒரே பதில்தான் வரும்: "ஒண்ணும் பண்ணாது சார், ரொம்ப அமைதியான மீன்." அது பொய்யும் இல்லை. எம்பர் டெட்ரா முழுதாக வளர்ந்தாலும் இரண்டு சென்டிமீட்டர்தான். பிக்மி கோரி அதைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவே. தேன் கௌராமி வங்காள, அசாம் பக்கத்து மீன்; கௌராமி வகைகளிலேயே சாதுவானது என்று பெயர் எடுத்தது.

நண்பரின் புகார் இது: மீன்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன, இறால் மட்டும் நிற்கவே மாட்டேன் என்கிறது. பெரிய இறால்கள் ஒன்றிரண்டாகச் செத்து, இருபத்தைந்து பதினொன்றாகிவிட்டது. பெண் இறால்கள் வயிற்றில் சினையோடு திரிவதைப் பலமுறை பார்த்திருக்கிறார். ஆனால் ஒரு குஞ்சைக்கூடக் கண்ணால் கண்டதில்லை. கௌராமிதான் வேலையைக் காட்டுகிறது என்று முடிவு கட்டி, அந்த ஜோடியைத் தங்கை வீட்டுத் தொட்டிக்கு அனுப்பிவிட்டார். அதற்குப் பிறகும் இறால் செத்தது. அப்போதுதான் என்னைக் கூப்பிட்டார்.

இந்தப் புகாரில் இரண்டு வழக்குகள் ஒன்றாகக் கட்டிக் கிடந்தன. மூன்று சென்டிமீட்டர் இறாலை எம்பர் டெட்ராவால் ஒன்றும் செய்ய முடியாது, வாயே போதாது. பெரிய இறால் செத்துக் கிடந்தால் முதலில் தண்ணீரைத்தான் சந்தேகப்பட வேண்டும். குஞ்சு பிறக்கும்போது இரண்டு மில்லிமீட்டர் அளவு இருக்கும். அது காணாமல் போனால் மீன் வாயையும் ஃபில்டர் வாயையும் சந்தேகப்பட வேண்டும். இரண்டையும் சேர்த்து ஒரே குற்றவாளியைத் தேடினால் கௌராமி மாதிரி யாராவது ஒருவர் மாட்டுவார், வழக்கு மட்டும் முடியாது.

பெரிய இறால்கள்

வழக்கமான சோதனைகள் சீக்கிரம் முடிந்தன. அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் 20 பிபிஎம் அளவில். வெப்பம் 28 டிகிரி. பழைய தொட்டி என்பதால் இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. மீனுக்கு மருந்து ஏதாவது ஊற்றினாரா என்று கேட்டேன், இல்லை என்றார். இதை எப்போதும் கேட்டுவிடுவேன். வெண்புள்ளி நோய்க்கு விற்கும் சில மருந்துகளில் மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், இருக்கும். மீன் தாங்கும் அளவே இறாலைக் கொன்றுவிடும்.

துப்புக் கொடுத்தது அவருடைய போன். ஒவ்வொரு இறால் செத்தபோதும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். வரிசையாகத் தள்ளிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. பெரும்பாலான படங்கள் திங்களோ செவ்வாயோ எடுத்தவை. அவற்றில் பலவற்றில், இறாலின் தலைப்பகுதி ஓடும் வால்பகுதியும் சேரும் இடத்தில், உடம்பைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

இறால் வளரவேண்டும் என்றால் ஓட்டைக் கழற்ற வேண்டும். சாதாரணமாக அந்த இடத்தில் முதுகுப்பக்கம் மட்டும் ஓடு வெடிக்கும். இறால் உடம்பை ஒரு சொடக்கு சொடுக்கி, அந்த வெடிப்பு வழியாக மொத்தமாக வெளியே வந்துவிடும். காலையில் தொட்டியில் கிடக்கும் கண்ணாடி போன்ற வெற்று ஓட்டைப் பார்த்துச் செத்த இறால் என்று பயந்தவர்கள் உண்டு. வெடிப்பு முதுகோடு நிற்காமல் சுற்றிலும் வளையமாக விழுந்துவிட்டால், சொடுக்குவதற்குப் பிடிமானம் இல்லாமல் போய்விடும். முன்பாதி ஓடும் பின்பாதி ஓடும் தனித்தனியாக மாட்டிக்கொள்ள, இறால் உள்ளேயே சாகும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தண்ணீர் ஒரு காரணம். திடீர் மாற்றத்தால் நேரத்துக்கு முன்பே தோல் உரிக்க நேர்வது இன்னொரு காரணம். இறால் வளர்ப்பவர்கள் பொதுவாகச் சொல்வது இந்த இரண்டும்தான்.

நண்பர் ஞாயிறுதோறும் தண்ணீர் மாற்றுபவர். நாற்பது சதவீதம், பாத்ரூம் குழாயிலிருந்து வாளியில் பிடித்து, ஆன்டி குளோரின் போட்டு ஊற்றுவார். "எல்லா ஞாயிறும் மாத்துறேன். ஆனா எல்லா வாரமும் சாகலையே" என்றார். நியாயமான கேள்வி. அதனால்தான் அவருக்குத் தண்ணீர் மேல் சந்தேகமே வரவில்லை.

பதில் கீழே வாட்ச்மேன் அண்ணனின் நோட்டில் இருந்தது. அந்தக் குடியிருப்பின் சம்ப்பில், அதாவது தரையடித் தண்ணீர்த் தொட்டியில், மெட்ரோ எனப்படும் குடிநீர் வாரியத் தண்ணீரும் விழும், ஆழ்துளைக் கிணற்றுப் போர் தண்ணீரும் விழும். மெட்ரோ வராத நாட்களில் போர் மோட்டாரைப் போட்டு நிரப்புவார்கள். மின்கட்டணக் கணக்குக்காக மோட்டார் போட்ட நாட்களை அவர் தேதியோடு குறித்து வைத்திருந்தார். போனில் இருந்த படங்களின் தேதியையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சனி அல்லது ஞாயிறு காலை போர் மோட்டார் ஓடிய வாரங்களில்தான் திங்கள், செவ்வாய்ச் சாவுகள். மெட்ரோ வந்த வாரங்களில் தொட்டி அமைதியாக இருந்திருக்கிறது.

அளந்து பார்த்தோம். மெட்ரோ வந்த நாளில் குழாய்த் தண்ணீரின் டிடிஎஸ், அதாவது கரைந்திருக்கும் உப்புகளின் அளவு, 340. போர் மட்டும் ஓடிய நாளில் 1,100. தொட்டி 350-இல் இருக்கும்போது நாற்பது சதவீதம் போர் தண்ணீர் ஊற்றினால் அரை மணி நேரத்தில் அது 650 ஆகிவிடும். அடுத்த வாரம் மெட்ரோ வந்தால் 530-க்கு இறங்கும். அதற்கடுத்த வாரம் போர் என்றால் மறுபடி ஏறும். செர்ரி இறாலுக்கு 150 முதல் 250 வரை நல்லது என்பார்கள். கூடுதலாக இருந்தாலும் நிலையாக இருந்தால் பழகிக்கொள்ளும். நம் ஊரில் 400, 500-இல் ஜோராகப் பெருகும் தொட்டிகளைப் பார்த்திருக்கிறேன். வாராவாரம் நூறு, முந்நூறு என்று ஏறி இறங்குவதைத்தான் அதனால் தாங்க முடியாது. மீன்கள் ஒரு குறையும் காட்டாமல் நீந்திக்கொண்டிருந்ததால் தண்ணீர் நல்ல தண்ணீர் என்றே வீட்டில் எல்லாரும் நம்பியிருந்தார்கள்.

இதில் ஒரே ஒரு சாவு நாள் கணக்கில் சேரவில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு நான்கு இறால்கள் ஒன்றாகப் போயிருந்தன. வெள்ளை வளையம் இல்லை. நண்பர் எடுத்த வீடியோவில் ஓர் இறால் மல்லாந்து கிடந்து கால்களை வெட்டி வெட்டி இழுக்கிறது. இன்னொன்று கண்ணாடியில் மோதி மோதிச் சுற்றுகிறது. இது பூச்சிமருந்தின் அடையாளம். நண்பரின் அம்மாவிடம் கேட்டபோது, "நான் தொட்டிப் பக்கமே அடிக்கலை தம்பி. கரப்பான் வருதுன்னு ஸ்டாண்டு அடியிலதான் ஸ்ப்ரே அடிச்சேன்" என்றார். அம்மா சொன்னது சரிதான், தொட்டிக்குள் ஒரு துளியும் படவில்லை. ஆனால் ஸ்பான்ஜ் ஃபில்டருக்குக் காற்று அனுப்பும் ஏர் பம்ப் இருந்தது ஸ்டாண்டின் கீழ்த்தட்டில். அறைக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுவதுதான் அதன் வேலை. ஸ்ப்ரேயில் இருக்கும் பைரித்ராய்டு வகை மருந்துகள் பூச்சிக்கென்று செய்தவை. இறாலும் நண்டும் பூச்சிக்குத் தூரத்துச் சொந்தம் என்பதால் மிகக் குறைந்த அளவே அவற்றுக்குப் போதும். கொசுவுக்குப் பிளக்கில் செருகும் திரவமும் பெரும்பாலும் இதே குடும்பம்தான். தெருவில் கொசுப் புகை அடிக்கும் வண்டி வந்தால் நான் ஜன்னலைச் சாத்துவதற்கு முன்னால் ஏர் பம்பை நிறுத்துவேன்.

குஞ்சுகள்

இரண்டாவது வழக்குக்குத் தொட்டி முன்னால் உட்கார்ந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. சினை இறால் ஒன்று குஞ்சு விடும் நிலையில் இருந்தது. செர்ரி இறால் இருபது முப்பது முட்டைகளை வயிற்றுக்கடியில் நீச்சல் கால்களில் சுமந்து, அந்தக் கால்களை விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் பொரிந்து, பெரிய இறாலின் அச்சிலேயே குட்டி இறால் வெளியே வரும். நடுவில் லார்வாப் பருவம் கிடையாது. அதனால்தான் நன்னீர்த் தொட்டியில் இது பெருகுகிறது.

குஞ்சு விட்டபின் ஒரு மாலை. ஜாவா ஃபெர்ன் இலையின் விளிம்பில் ஒரு குஞ்சு மேய்ந்துகொண்டிருந்தது. நிறம் கிடையாது, இரண்டு கருப்புக் கண்கள் மட்டும்தான் தெரியும். அசையாமல் இருந்தவரை ஒன்றும் நடக்கவில்லை. ஒரு டெட்ரா அதைத் தாண்டியே போனது. அடுத்த இலைக்குத் தாவ ஒரு துள்ளு துள்ளியது. அவ்வளவுதான். டெட்ரா திரும்பி, கால் நொடி நின்று, தலையைச் சாய்த்து, ஒரே கொத்து. துரத்தல் இல்லை, சண்டை இல்லை. மறு நொடி பழையபடி கூட்டத்தோடு போய்ச் சேர்ந்துகொண்டது. இந்த மீனை யாரும் முரட்டு மீன் என்று சொல்ல முடியாது. அசைகிற சின்னப் பொருள் எல்லாம் அதற்குத் தீனி, பிரேசில் நாட்டு ஓடையிலும் அப்படித்தான் வாழ்ந்திருக்கும்.

அந்த ஃபெர்னும் அனுபியாஸும் வாலிஸ்நேரியாவும் நம் கண்ணுக்குத்தான் அடர்த்தி. அகல இலைகள், நடுவில் விரல் நுழையும் இடைவெளி. டெட்ராவுக்கு அது திறந்த மைதானம். குஞ்சுக்குத் தேவை மீன் தலை நுழையாத இடுக்கு. இந்தத் தொட்டியில் அப்படி எதுவுமே இல்லை. செடித் தொட்டி என்றாலே இறாலுக்கு மறைவிடம் உண்டு என்று பலரும் நினைப்பதில் இந்த ஓட்டை இருக்கிறது.

அப்புறம் பின்பக்க ஃபில்டரைத் திறந்தோம். உறிஞ்சும் குழாயின் முனையில் இருந்தது கம்பு கம்பாக இடைவெளி விட்ட பிளாஸ்டிக் கூடை மட்டும். உள்ளே ஸ்பான்ஜை மெதுவாக எடுத்து ஒரு கிண்ணத்தில் விட்டபோது, பழுப்புக் கசடுக்குள் துள்ளல்கள். ஏழு குஞ்சுகள். நான்கைந்து மில்லிமீட்டருக்கு வளர்ந்து, இரண்டு லேசாகச் சிவக்கவும் ஆரம்பித்திருந்தன. மீன் இல்லை, தீனிக்கோ கசடு நிறைய, அடைக்கலம் கிடைத்ததுபோல் அங்கேயே குடித்தனம் நடத்தியிருக்கின்றன. நண்பர் மாதாமாதம் அந்த ஸ்பான்ஜைக் குழாயடியில் பிழிந்து கழுவுபவர் என்பதை நினைத்தபோது இருவருமே சற்று நேரம் பேசவில்லை.

பிக்மி கோரிகள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. அடியில் மோப்பம் பிடித்து மேய்பவை, எதிரே தாமாக வந்து விழுந்தால் ஒழிய குஞ்சைத் தேடிப் போகாது. தட்டான் குஞ்சு இருக்குமோ என்று ஒரு கண் வைத்திருந்தேன். புதிதாக வாங்கும் செடியோடு முட்டையாக வந்து, வளர்ந்து, மீனையே பிடிக்கும் பூச்சி அது. இங்கே கிடைக்கவில்லை. கௌராமிகளைப் பொறுத்தவரை அவற்றை விடுதலை செய்ய நான் தயாராக இல்லை. கொத்திக் கொத்தி மேய்வதே அவற்றின் பழக்கம். இலை இடுக்கில் பொறுமையாகத் தேடும் மீன் அது. டெட்ராவைவிட அதிகமாகவே தின்றிருக்கும். ஆனால் அவை போன பிறகும் குஞ்சு தெரியாததற்குக் காரணம் அவை இல்லையே.

செய்த மாற்றங்கள்

தண்ணீருக்கு இருபது லிட்டர் டிரம் ஒன்று வாங்கி பால்கனியில் வைத்தார். அடுக்களை ஆர்ஓ மெஷினில் வரும் தண்ணீரின் டிடிஎஸ் 60. நாலரை லிட்டர் போர் தண்ணீர், மீதி ஆர்ஓ என்று கலந்தால் டிரம்மில் 300-ஐ ஒட்டி வருகிறது. ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றக்கூடாது, ஓடு கட்ட அதில் சுண்ணாம்பு இல்லை. குடியிருப்பில் தண்ணீரை மென்மையாக்கும் மெஷின் வைத்திருந்தால் இந்தக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லவேண்டும். அந்த மெஷின் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைக்கும். டிடிஎஸ் மீட்டர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். அதனால் ஒருமுறையாவது கடினத்தன்மையைத் தனியாக அளந்துவிடுவது நல்லது. கடினத்தன்மையின் அளவான ஜிஎச் 6 முதல் 8 வரை இருந்தால் போதும். இவர் டிரம்மில் 7 வந்தது.

தொட்டி அப்போது 560-இல் நின்றது. ஒரேயடியாக இறக்காமல், வாரம் எட்டு லிட்டர் மட்டும் எடுத்து, டிரம் தண்ணீரை ஏர் டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டார். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு ஆர்ஓ மட்டும். ஆவி போகும்போது உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறதே. ஏர் பம்ப் ஸ்டாண்டின் கீழ்த்தட்டிலிருந்து தொட்டிக்கு மேலே, ஜன்னல் ஓரத்துக்குப் போனது. ஹாலில் ஸ்ப்ரே கூடாது என்று அம்மா தானே சொல்லிவிட்டார்.

ஃபில்டர் உறிஞ்சும் முனைக்கு ஒரு ஸ்பான்ஜ் உறை. இருபது முப்பது ரூபாய்ப் பொருள், இறால் இருக்கும் எந்தத் தொட்டியிலும் முதல் நாளே மாட்டவேண்டியது. பிறகு நூல் நூலாக வளரும் பாசிச் செடியான ஜாவா மாஸ், இரண்டு கை நிறைய. அதை அழகாகக் கட்டையில் கட்ட நண்பர் ஆசைப்பட்டார். வேண்டாம், மூலையில் பந்தாகக் கிடக்கட்டும் என்றேன். மெல்லிய படலமாகக் கட்டிய மாஸில் குஞ்சு மேயலாம், ஒளிய முடியாது. இன்னொரு மூலையில் கோலிகுண்டு அளவுக் கூழாங்கற்களை ஒரு குவியலாகக் கொட்டினோம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் குஞ்சு போகும், டெட்ரா போகாது. குடியிருப்பு வாசலில் நிற்கும் நாட்டு வாதுமை மரத்திலிருந்து பழுத்து உதிர்ந்த இலைகளைக் கழுவிக் காயவைத்து மூன்று நான்கு போட்டோம். இலை மக்க மக்க அதன்மேல் படியும் நுண்ணுயிர்ப் படலம் குஞ்சுக்கு முதல் உணவு. தண்ணீர் கொஞ்சம் டீ நிறமாகும், அது கெடுதல் இல்லை. மருந்து அடிக்கும் தோட்டத்து மரமாக இருந்தால் மட்டும் எடுக்கக்கூடாது.

மீன்களுக்குத் தீனியை ஒருவேளையிலிருந்து இரண்டு சிறுவேளையாகப் பிரித்ததில் எவ்வளவு பயன் என்று பிரித்துச் சொல்ல முடியாது. பசியில்லாத டெட்ராவும் துள்ளுகிற குஞ்சைக் கொத்தத்தான் செய்யும்.

பிறகு

முதல் மாதத்தில் ஓர் இறால் வெள்ளை வளையத்தோடு செத்தது. அதன்பிறகு அந்த வளையத்தைப் பார்க்கவில்லை. கிண்ணத்தில் இருந்த ஏழு குஞ்சுகளையும் மாஸ் பந்துக்குள் விட்டோம். அவற்றில் சில பிழைத்துப் பெரிதாகின. அடுத்தடுத்த சினைகளில் இரவு விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் மாஸிலும் கற்குவியலிலும் கண் கண்ணாகத் தெரிந்தது. இருபத்தைந்து குஞ்சு பிறந்தால் கால்வாசி தேறுகிறது என்பது நண்பரின் உத்தேசம். டெட்ராக்களோடு இருக்கும் தொட்டிக்கு அது குறைவு இல்லை. எல்லாக் குஞ்சும் வேண்டும் என்றால் இறாலுக்குத் தனித்தொட்டிதான் வைக்கவேண்டும். மீனோடுதான் பார்க்கவேண்டும் என்றால் மீனுக்கு ஒரு பங்கு போகும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். தேறுகிற பங்கு சாகிற பங்கைவிடக் கூடுதலாக இருந்தால் கூட்டம் நிலைத்துவிடும். இப்போது சின்னதும் பெரிதுமாக நாற்பதுக்குக் குறையாது.

சித்திரை, வைகாசியில் ஒரு தேக்கம் வந்தது. தொட்டி 32 டிகிரி போனபோது சினை பிடிப்பது நின்றுவிட்டது. சூடேற ஏறத் தண்ணீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும்; 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரைவது 32-இல் 7.3 ஆகிவிடுகிறது. மேல் மூடியைத் திறந்து, தண்ணீர்ப்பரப்பில் படுகிற மாதிரி சின்ன ஃபேன் வைத்ததில் இரண்டு டிகிரி இறங்கியது. சென்னையின் புழுக்கத்தில் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது. ஐஸ் பாட்டில் போடலாமா என்று கேட்டார். மேலும் கீழும் ஆடுவதால் செத்த கூட்டத்துக்கு இன்னொரு ஊஞ்சல் வேண்டாம் என்று தடுத்துவிட்டேன்.

இப்போது கேள்வி, தங்கை வீட்டிலிருந்து கௌராமி ஜோடியைத் திரும்பக் கொண்டுவரலாமா என்பது. அவருக்கு அந்த மஞ்சள் ஆண் மேல் ஒரு பிரியம். மாஸ் பந்து இன்னும் பெருக்கட்டும், கூட்டம் நூறைத் தொடட்டும், பிறகு பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். கூட ஏதாவது மீன் வேண்டுமென்றால் ஓட்டோசின்க்ளஸ் நான்கைந்து விடலாம். பாசியை மட்டும் சுரண்டித் தின்னும் மீன், குஞ்சைத் திரும்பியும் பார்க்காது. ஆனால் பெரும்பாலும் காட்டிலிருந்து பிடித்து வருவதால் வயிறு ஒட்டி, பட்டினியில்தான் கடைக்கு வந்து சேரும். கடையில் ஒரு வாரமாவது இருந்து, வயிறு உருண்டிருப்பதாகப் பார்த்து எடுக்கவேண்டும். கொளத்தூரில் அடுத்த சரக்கு இறங்கியதும் போன் பண்ணுவதாகக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.